பொறியில் பதினேழு

விடியப்புறம் ஆறரைக்கு
ஒட்டுசுட்டானுக்கு அங்கால், தர்மபூபதியின் சோளத்துக்குள்
பச்சை வாளியைத் திறந்து எண்ணுகிறேன்.
பதினேழு.
எல்லாம் ஆண்.
ஒரு றப்பர் துண்டின் வாசத்தைப்
பெண்ணென்று நம்பி
இரவு முழுக்கப் பறந்து வந்தவை.

படிவத்தில் இதன் பெயர் படைப்புழு.
பேப்பரில் சேனாப் புழு.
சேனை என்றால் எங்களுக்குக் காடு வெட்டி விதைக்கிற நிலம்.
மற்ற அர்த்தமும் தெரியும்.
அதனால்தானோ என்னவோ
இங்கே ஒருவரும் பெயர் சொல்வதில்லை.
போன் எடுத்து
"அது வந்திட்டுது மிஸ்" என்பார்கள்.

ஒன்றை உள்ளங்கையில் கிடத்தி வில்லையால் பார்க்கிறேன்.
காய்ந்த பாலைமரப் பட்டையின் நிறம்,
சிறகு நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு.
அழகில்லை என்று சொல்லமாட்டேன்.
பார்க்க ஆளில்லாத நேரத்தில் பறக்கிறது, அவ்வளவுதான்.

தர்மபூபதி குருத்தை விரித்துக் காட்டுகிறாள்.
ஈர மரத்தூள் போலக் கழிவு,
அதற்குள் அவன்.
நெற்றியில் தலைகீழாய்ப் பிடித்த கெற்றப்போல்,
வாலடியில் நாலு புள்ளி, சதுரமாய்.
இரண்டு ஏக்கர். எண்பதாயிரம் கடன்.
"புதன்கிழமை வருவாங்கள்" என்கிறாள்,
யாரென்று சொல்லாமல்.

அந்த நேரம் பார்த்து
முன்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த காட்டோரத்தால்
ஒன்று வந்தது.
விரித்த கையைவிடப் பெரிசு.
கறுப்பு, அதற்குள் நீலம்:
நீலம் கூடிப்போன வெள்ளைச் சட்டை
நிழலில் காய்கிற நிறம்.
ஓர் அவசரமும் இல்லை அதற்கு.
மருந்துத் தாங்கியோடு நின்ற சயந்தரூபன்
முகமூடியை இறக்கிவிட்டுப் பார்த்தான்.
அதற்கு இங்கே தனிப்பெயர் கிடையாது,
வெறும் வண்ணத்துப்பூச்சி.
கெடுக்கிறதுக்குத்தான் இத்தனை பெயர்.

கிணற்றடித் தேசிமரத்தில் வயிற்றை வளைத்து
ஓர் இலையைத் தொட்டது, எழும்பியது.
"பாருங்கோ, என்ர தேசியைத் தேடி வந்திருக்கு"
இந்த மாதத்தில் முதல்முறை அவள் சிரித்தாள்.
சிரித்தபடியே அதே கொப்பில்
காக்காய் எச்சம் போல ஒட்டிக் கிடந்த ஒன்றை
இரண்டு விரலால் நசித்தாள்.
செங்கொம்பு ஒன்று நீண்டு மடங்கியது.
புளித்த மணம்.
"இதுவும் ஒரு புழு. மரத்தை மொட்டையடிக்குது.
நாளுக்கு அஞ்சாறு நசிப்பன்."

சொல்லலாமா என்று நின்றேன்.
எனக்குச் சம்பளம் சோளத்துக்கு.
ஆனாலும் வாய் கேட்கவில்லை.
"அது இதின்ர பிள்ளை."

விரலைப் பார்த்தாள்.
நீலம் கூரைத் தகரத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது.
"அப்ப அந்தச் சாம்பல் சனியன்
வளர்ந்தாப் பிறகு தேனோ குடிக்கும்?"
ஓம்.
"சோளத்தில வாய் வைக்காதோ?"
வைக்காது. தின்றதெல்லாம் சின்னதில்.

பாவாடையில் விரலைத் துடைத்தாள், இரண்டு தரம்.
"தேசி ஒரு மரம். சோளம் ரெண்டு ஏக்கர்."
சயந்தரூபன் முகமூடியை ஏற்றினான்.
பம்ப் இரையத் தொடங்கியது.

படிவத்தின் அடியில்
வேறு அவதானிப்புகள் என்று அரை வரி விட்டிருப்பார்கள்.
வாடைக்காற்று, சிறு தூறல் என்று எழுதினேன்.
பதினேழையும் எறும்புக்குத் தட்டிக் கொட்டினேன்.
விரல் நுனியெல்லாம் சாம்பல் தூள்;
மோட்டார் சைக்கிள் பிடியிலும் ஒட்டியது.
மற்றதைத் தொட்டிருந்தாலும்
தூள்தான் ஒட்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று.
தேசியின் உயரக் கொப்பில்,
அவளுக்குக் கை எட்டக்கூடிய உயரந்தான்,
ஒரு காக்காய் எச்சம்.
எச்சம்தானா என்று
நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.